நெட்டை என்று எழுதிய டப்பா

— இந்த டப்பா ஏன்டா இன்னும் இங்கயே இருக்கு?

— எந்த டப்பா? முதல்ல கன்னத்தைக் காட்டுக்கா. என்ன இது, உள்ள எலுமிச்சம்பழத்தை வச்சு அடைச்ச மாதிரி! பல்லைப் பிடுங்கிட்டாரா டாக்டர்?

— பிடுங்கியாச்சு. வாய் பாதி மரத்துக் கிடக்கு, சிரிக்க வைக்காதே. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. மேசைக்கு அடியில வச்சிருந்தேனே, அப்பா லாரி வீலுக்குப் போட வேண்டிய போல்ட்டு. ஏன் பிரிக்கக்கூட இல்ல?

— அப்பாவோட போல்ட்டைத்தான் காலையிலேயே மாட்டியாச்சே. புது வீல் ரெண்டும் ஜம்முனு உக்காந்துருச்சு. அப்பா கண்ணாடி பார்க்கிற மாதிரி அதுல மூஞ்சியைப் பார்த்துட்டு, மீசையைத் தடவிக்கிட்டுக் கிளம்பினாரு.

— மாட்டியாச்சா? அப்ப இது என்ன?

— இது வேற யாருக்காவது இருக்கும். நான் மேல் தட்டுல இருந்து எடுத்தேன். நீதானே போன்ல சொன்ன, எழுதி வச்சிருக்கேன், பார்த்து எடுன்னு.

— அப்பான்னு எழுதி வச்சிருக்கேன், மேசைக்கு அடியிலன்னு சொன்னேன்டா!

— சொல்லியிருப்ப. உன் வாயில அப்ப பஞ்சு இருந்துச்சு. "ஆ... ஊ... எழுதி... எடு" அவ்வளவுதான் கேட்டுச்சு. அப்பா வேற பக்கத்துல நின்னுக்கிட்டு, கம்பி ஏத்தியாச்சு, கிளம்பணும், சீக்கிரம் சீக்கிரம்னு உயிரை எடுத்தாரு. அண்ணாந்து பார்த்தேன், கண்ணுல பட்டுச்சு, எடுத்தேன்.

— என்ன எழுதியிருந்துச்சு?

— நெட்டைன்னு.

— நெட்டையா!

— ஏன்க்கா இப்படிப் பார்க்கிற? புது வீல் தடிமன் ஜாஸ்தி, நீள போல்ட்டுதான் போடணும்னு நீயே பத்து தடவை சொன்ன. நெட்டைன்னா நீளம்தானே? இதுல என்ன தப்பு?

— அந்த டப்பாவைக் கொண்டா.

— காலி டப்பா எதுக்கு?

— கொண்டாடா!

— இந்தா. ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு, பாரு.

— இப்ப அப்பா டப்பாவைப் பிரி. அதுல ஒண்ணு எடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை.

— வச்சேன்... அக்கா.

— பார்த்தியா?

— அக்கா, இது... இது அதைவிட ஒரு விரல் நீளமா இருக்கு.

— அதுதான் அப்பாவுது. நீ மாட்டினது குட்டை. பழைய இரும்பு வீலுக்குப் போடுற குட்டை. அந்தத் தடி வீலுக்கு உள்ள நுழைஞ்சு வெளிய வர்றப்ப நுனிதான்டா எட்டிப் பார்க்கும். நட்டு எத்தனை சுத்து மரை பிடிச்சிருக்கும்? ரெண்டு? மூணு?

— இல்லக்கா, நல்லா இறுக்கமாத்தான் இருந்துச்சு. காத்து மெஷின் வச்சு இறுக்கினேன். டக்குனு நின்னுச்சு. சத்தியமா!

— இறுகும், ஏன் இறுகாது? ரெண்டு மரையிலயும் இறுகத்தான் செய்யும். பாரத்தோட ஓடுறப்பதான் தெரியும். மாட்டினப்புறம் போல்ட்டு நுனி நட்டுக்கு வெளிய தெரியுதான்னு பார்க்க வேண்டாமா?

— தொப்பி நட்டுக்கா அது. புது வீலோட வந்துச்சே, பளபளன்னு. மேல மூடியிருக்கு, உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?

— கடவுளே... எந்தச் சக்கரத்துக்கு?

— முன் சக்கரம்.

— எந்த முன் சக்கரம்?

— ரெண்டும்.

— ரெண்டுமா! முன்னாடி ரெண்டையும் நம்பித்தானேடா அவர் உக்காந்திருக்காரு!

— அக்கா, இப்ப என்ன பண்றது?

— போனைப் போடு அப்பாவுக்கு.

— எடுக்க மாட்டாரே.

— போடு!

— போட்டேன். அடிக்குது... அடிக்குது... எடுக்கல.

— திரும்பப் போடு.

— அக்கா, உனக்குத் தெரியாததா? வண்டி ஓட்டுறப்ப பிரளயமே வந்தாலும் அவர் போனைத் தொட மாட்டாரு. சீட்டுக்குப் பின்னாடி துணிப்பைக்குள்ள போட்டு முடிச்சுப் போட்டு வச்சிருப்பாரு. ஊர்ல இருக்கிற டிரைவருக்கெல்லாம் அதைத்தானே உபதேசம் பண்றாரு. கையில ஸ்டியரிங் இருக்கிறப்ப காதுல என்ன வேலைன்னு.

— இன்னிக்கு ஒரு நாள் எடுத்துத் தொலையக் கூடாதா! உசுரைக் காப்பாத்திக்க வச்ச பழக்கமே...

— அப்படியெல்லாம் பேசாதே.

— மலைக்கு முன்னாடி இருக்கிற பெட்ரோல் பங்குக்குப் பேசு. டீசல் அடிக்க அங்கதான் நிறுத்துவாரு.

— இரு... ஹலோ, அண்ணே, நான்தான், வீல் கடைத் தம்பி. அப்பா அங்க வந்தாராண்ணே? கம்பி லோடு. ஆமா, புது வீல்... எப்போ?... இல்லண்ணே, சும்மாதான்... சரிண்ணே.

— என்ன சொன்னாரு?

— டீசல் போட்டுட்டு, வீலைக் காட்டிப் பெருமை பேசிட்டு, அப்பவே கிளம்பிட்டாராம். என் பையன் மாட்டினது பாருன்னு சொன்னாராம்.

— அப்ப மலை ஏறிக்கிட்டு இருக்காரு.

— ஏறும்போது ஒண்ணும் ஆகாதுக்கா. மெதுவாத்தானே போவாரு. ஆகாதுல்ல?

— ஏறும்போது ஆகாது. மறுபக்கம் இறங்கணுமே. அந்தப் பாரம் அத்தனையும் முன்னால வந்து உக்காரும். பிரேக்கை மிதிக்க மிதிக்க அந்த ரெண்டு மரையும் சீவிக்கிட்டே வரும்.

— நான் பைக்கை எடுத்துக்கிட்டுப் போறேன்.

— நீ பறந்து போனாலும் பிடிக்க முடியாது. உக்காரு. என்னை யோசிக்க விடு.

— எல்லாம் உன்னாலதான்க்கா! குட்டை போல்ட்டைப் போட்டு வச்சுக்கிட்டு, டப்பா மேல நெட்டைன்னு எவனாவது எழுதுவானா? உப்பு ஜாடியில சர்க்கரையைக் கொட்டி வச்ச கதையால்ல இருக்கு!

— அது போல்ட்டைச் சொல்லலடா.

— பின்ன?

— ஆளைச் சொன்னேன்.

— எந்த ஆளை?

— அந்தப் போல்ட்டு ஒருத்தர் வண்டிக்கு எடுத்து வச்சது. அவர் வண்டியில போல்ட்டெல்லாம் தேஞ்சு போச்சு. இன்னிக்குச் சாயங்காலம் வந்து மாத்திக்கிறேன்னு சொன்னாரு. அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

— நெட்டைன்னா? நம்ம கடைக்கு வர்றவங்கள்ல நெட்டைன்னு யாரு... அக்கா.

— ம்.

— சிமெண்ட் வண்டிக்காரரா? கதவு நிலையில இடிச்சுக்குவாரே? அவரை நீ சார் சார்னுதானே கூப்பிடுவ!

— உன் முன்னாடி சார்.

— என் முன்னாடியா! அப்ப என் பின்னாடி?

— நெட்டை.

— அடப்பாவி அக்கா! அந்த மனுஷனுக்கு நான் டீ வாங்கிக் குடுத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் அப்பா லோடு ஏத்திப் போன அன்னிக்கே இவரு வண்டிக்கு ஏதாவது ரிப்பேர் வருதே, பாவம், நேரமே சரியில்லபோலன்னு பரிதாபப்பட்டிருக்கேன்!

— பேரை எழுதினா அப்பா கண்ணுல படும்னு பயந்துதான்டா அப்படி எழுதினேன்.

— அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா? டிரைவருக்கு மட்டும் பொண்ணைக் குடுக்க மாட்டேன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்காரு. நான் ரோட்டுல, உங்க அம்மா ஜன்னல்ல, ஒரு ஆயுசு அப்படியே போச்சு, என் பொண்ணும் ஜன்னல்ல உக்காரக் கூடாதுன்னு. எவ்வளவு நாளா நடக்குது இது?

— இப்ப அதுவாடா முக்கியம்? போனைக் குடு.

— யாருக்குப் பேசப் போற?

— அவருக்குத்தான். சிமெண்டை இறக்கிட்டு அந்த மலை வழியாத்தான் திரும்பி வர்றாரு. அப்பாவை நிறுத்த இப்ப ரோட்டுல வேற யாரு இருக்கா?

— அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சு போயிடும்க்கா.

— தெரியட்டும். தெரிஞ்சுக்க அவர் உயிரோட இருந்தாப் போதும்.

— ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ... ஹலோ!

— இரு, இரு, ஓரங்கட்டிக்கிறேன். ம், நிறுத்திட்டேன். சொல்லு குட்டை. பல்லு போச்சா, இருக்கா?

— குட்டையா!

— யாரது பக்கத்துல? மச்சானா?

— யாருக்கு யாரு மச்சான்?

— டேய், சும்மா இரு. நெட்டை, நீ எங்க இருக்க?

— மலை உச்சியில, மரத்தடியில. இஞ்சின் சூடாயிடுச்சு, ஆற விட்டுட்டு இப்பத்தான் நகர்த்தினேன். ஏன் உன் பேச்சு இப்படிக் குழறுது?

— எங்க அப்பா வண்டியைப் பார்த்தியா?

— பார்த்தேனே. கொஞ்சம் முன்னாடிதான் என்னைத் தாண்டிப் போனாரு. வழக்கம் போல நான் குனிஞ்சுக்கிட்டேன், அவரும் வழக்கம் போலப் பார்க்கல. முன்னாடி புது வீல் என்னமா மின்னுது! என் கண்ணே கூசிப் போச்சு, சக்கரம் லேசா ஆடுற மாதிரிகூட...

— ஆடுச்சா?

— வெயில்ல அப்படித் தெரிஞ்சுச்சுன்னு நினைச்சேன். ஏன்?

— அது ஆடத்தான் செய்யும். உனக்கு எடுத்து வச்ச குட்டை போல்ட்டை அவர் வண்டிக்கு மாட்டிட்டோம். நட்டு நுனியிலதான் பிடிச்சிருக்கு. ரெண்டு சக்கரமும்.

— என்ன சொல்ற நீ!

— போன் எடுக்க மாட்டேங்கிறாரு.

— முன் சக்கரமா? இறக்கத்துல போறாரே குட்டை! கம்பி வேற ஏத்தியிருக்காரு!

— தெரியும். தெரிஞ்சுதான் உன்னைக் கூப்பிடுறேன்.

— சரி. சரி, பதறாத. வண்டியைத் திருப்புறேன். முன்னாடி போய் வழியை அடைச்சு, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைச்சா அவரும் குறைச்சுத்தான் ஆகணும்.

— நெட்டை.

— என்ன?

— உன் போல்ட்டும் தேஞ்சு கிடக்கு. வேகமாத் திருப்பாத. இறக்கத்துல விரட்டாத.

— மெதுவாப் போய் அவரை எப்படிப் பிடிக்கிறது?

— எனக்குத் தெரியல. போகச் சொல்லவும் வாய் வருது, போகாதேன்னும் வருது. உன்னையும் அனுப்பிட்டு நான் என்ன பண்ணுவேன்?

— நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் உன்கிட்டக் கேக்கவே இல்லையே. மச்சான், அவளுக்குத் தண்ணி குடுங்க. நிறுத்தினதும் நானே கூப்பிடுறேன். நடுவுல யாரும் போன் போடாதீங்க. போட்டா நான் எடுத்துடுவேன், எனக்கு உங்க அப்பா மாதிரி கட்டுப்பாடு கிடையாது.

— நெட்டை! வச்சுட்டான்.

— தண்ணி குடிக்கா.

— வேண்டாம்.

— நல்ல மனுஷனா இருக்காருக்கா.

— ம்.

— ஒரு யோசனையும் பண்ணலயே. வேற யாராவது இருந்தா, போலீசுக்குச் சொல்லுங்க, நான் லோடு இறக்கணும், அது இதுன்னு இழுத்திருப்பான்.

— அப்பாவைப் பார்த்தாலே குனிஞ்சு ஒளிஞ்சுக்கிற மனுஷன்டா அவன். இப்ப அவருக்கு முன்னாடியே போய் நிக்கப் போறான்.

— அம்மாகிட்டச் சொல்லணுமா?

— என்னன்னு சொல்லுவ? ஏற்கெனவே ஜன்னல்லதான் உக்காந்திருக்கா. இதைக் கேட்டா அங்கேயே போயிடுவா.

— அக்கா, நான் இனிமே ஸ்பேனரைத் தொட மாட்டேன். அப்பா நல்லபடியா வந்தா, நான் வேற வேலைக்குப் போயிடுறேன். என் பையன் மாட்டினதுன்னு பங்குல நின்னு காட்டியிருக்காருக்கா.

— நீ மட்டும் மாட்டலடா. ஒரு பேரை மறைக்கணும்னு நான் எழுதினேன், நீ எடுத்த. அழாதே. அழுதா எனக்கும் வரும், வாய் ஒரு பக்கம்தான் அசையுது.

— எவ்வளவு நேரம் ஆகும் திருப்பிப் போய்ப் பிடிக்க?

— கேக்காதே.

— நான் ஒண்ணு பண்றேன். வேனை எடுத்து வாசல்ல நிறுத்துறேன். ஜாக்கி, இந்த நீள போல்ட்டு, எல்லாத்தையும் ஏத்துறேன். நின்ன உடனே போய் அங்கேயே மாத்திடலாம். சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்.

— போ. ரெண்டு டப்பாவையும் எடுத்துக்கிட்டுப் போ. அந்தக் காலி டப்பா என் கண் முன்னாடி இருக்க வேண்டாம்.

— அக்கா, போன்! போன் அடிக்குது!

— அவன் நம்பர்தான். அவன்தான்! நிறுத்திட்டான்டா! நீ ஓடு, வேனை எடு, நான் பேசிக்கிட்டே வர்றேன்.

— பின் கதவு வழியா வர்றேன், வாசல்ல நில்லு!

— ஹலோ! நெட்டை! நிறுத்திட்டியா? அப்பா எப்படி இருக்காரு? பேசு!

— ஹலோ... யாரும்மா அது? சத்தம் சரியாக் கேக்கல. இங்க ஒரே ஹாரன். ஹலோ? அம்மா, வச்சுடாதே. இது என் போன் இல்ல. இங்க ஒரு பையனோட போன். கடைசியா பேசின நம்பர்னு இதுதான் இருந்துச்சு. குட்டைன்னு பேர் போட்டிருக்கு. அவன் வீட்டுக் குழந்தையோன்னு நினைச்சேன். பெரிய பொண்ணு குரல் மாதிரி இருக்கே.

— உங்களுக்கு... உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?

— எனக்கா? எனக்கென்னம்மா, குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன். என்ன புண்ணியம் பண்ணினேனோ. நீ முதல்ல எங்கயாவது உக்காரு. உக்காந்துட்டியா?

— ம்.

— இந்தப் பையன் யாரு எவன்னே எனக்குத் தெரியாது. நல்லா வளர்ந்த பையன். இறக்கத்துல என்னை முந்திக்கிட்டு வந்து முன்னாடி நின்னு நின்னு போறான். என்ன திமிருடா இவனுக்குன்னு நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில குறுக்கயே போட்டுட்டான். நானும் நிறுத்தினேன். சண்டைக்கு இறங்கலாம்னு கதவைத் திறந்தா, அவன் குதிச்சு ஓடி வர்றான். இறங்குங்க, இறங்குங்க, சக்கரம் கழலப் போகுதுன்னு கத்துறான். என்னைக் கையைப் பிடிச்சு இழுத்து அந்தப் பக்கம் தள்ளிட்டு, வண்டி உருளாம இருக்கக் கல்லு வைக்கக் குனிஞ்சாம்மா.

— ஐயோ.

— அதுக்குள்ள முன் சக்கரம் பிச்சுக்கிட்டுப் போச்சு. வண்டி அப்படியே மண்டி போட்டுடுச்சு. அவன் கால் அடியில மாட்டிக்கிச்சு. நான் எத்தனையோ வருஷமா ரோட்டுல இருக்கேன், என் கண்ணால இப்படி ஒண்ணு பார்த்ததில்ல. நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து தூக்கி எடுத்துட்டோம். உசுரு இருக்கு. நான் பொய் சொல்லல. மூச்சு நல்லா வருது, நடுவுல கண்ணைத் திறந்து பார்த்தான். ஆனா கால்... கால் போயிடும்போலத்தான் இருக்கு.

— பேசினானா?

— பேசினான். வலியில என்ன சொல்றோம்னு தெரியாம ஏதோ சொல்றான். உங்களுக்கு அடிபடலையே மாமான்னு என்னைக் கேக்கிறான். ரெண்டு தடவை மாமான்னு கூப்பிட்டாம்மா. இவனுக்கு நான் என்ன செஞ்சிருக்கேன்? அழாதேம்மா. பேச்சே குழறுதே உனக்கு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, அதான் சொல்றேன், தைரியமா இரு. இது என் வீட்டுலயே மாட்டின சக்கரம். என் பையன் கையால. பொண்ணுதான் கடையைப் பார்த்துக்குவா, காலையில அவ மட்டும் இருந்திருந்தா ஒரு நட்டு தப்பாப் போயிருக்காது. இந்தப் பையனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னுதான் எனக்குப் புரியல.

— அவர் பக்கத்துலயே இருங்க. விட்டுட்டுப் போயிடாதீங்க.

— போவேனா? தலையை என் மடியிலதான் வச்சிருக்கேன். இரு, ஆம்புலன்ஸ் வந்துடுச்சு... ஆமாங்க, இந்தப் பக்கம்தான், பார்த்துத் தூக்குங்க, கால், கால்... அம்மா, லைன்ல இருக்கியா? இவனுக்குச் சொந்தக்காரங்க யாரு, காலை எடுக்கணும்னா யாரு கையெழுத்துப் போடுவாங்கன்னு கேக்கிறாங்க. நீ இவனுக்கு என்ன வேணும்மா? நான் என்னன்னு சொல்ல?

— பொண்டாட்டின்னு சொல்லுங்க, அப்பா.